மதகு மூழ்கிய நேரம்

பனிச்சைமேட்டுக்குப் பச்சை நிறம் கொடுத்தது நான்தான். வேறு யாரும் அல்ல. அதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஓர் அரச அலுவலகத்தின் ஜி.ஐ.எஸ். பிரிவில் வேலை செய்கிறேன். என்ன வேலை என்று உறவுக்காரர் கேட்டால், கொம்பியூட்டரில் வரைபடம் செய்கிற வேலை என்பேன். ட்ரேசிங் தாளில் மைப்பேனாவால் கோடு போடப் பழகி, பிறகு பயிற்சிக்குப் போய் இதற்கு மாறியவள். நெளுக்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். வருகிற வருடம் ஓய்வு.

எங்கள் டேட்டாபேஸில் ஒவ்வொரு வீதித் துண்டுக்கும் நான்கு நேரக் கொலம்கள், அதாவது நேரம் பதியும் பத்திகள், இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள். அந்தக் கொலம்கள் எப்படி வந்தன என்பதை எழுதிவைக்கிறேன். ஆட்களின் பெயரையும் இரண்டு குடியிருப்புகளின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

1. இரண்டு குடியிருப்புகள்

உருத்திரபுரத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே பனிச்சைமேடு இருக்கிறது. பெயரிலேயே மேடு. இருபது இருபத்தைந்து வீடுகள். வெளியே வர ஒரே ஒரு வீதி. அது மேட்டிலிருந்து இறங்கி, வயல்வெளியைக் கடந்து, வாய்க்கால் தண்ணீர் கீழால் போகும் ஒரு மதகுக்கு மேலால் போய்ப் பிரதான வீதியில் ஏறும்.

ஆற்றடி என்பது மற்றக் குடியிருப்பு. ஆற்றோரத்தில் தாழ்வான நிலம். மாரி கடுமையாக இருந்தால் அங்கே நெஞ்சளவு தண்ணீர் நிற்கும்.

வெள்ளம் வரும் என்று எதிர்பார்த்த ஒரு வருடம், யாரை முதலில் வெளியேற்றுவது என்று ஒரு வரைபடம் கேட்டார்கள். என்னிடம் இரண்டு லேயர், அதாவது தகவல் அடுக்குகள், இருந்தன. ஒன்று, முந்திய வெள்ளத்தில் எடுத்த செய்மதிப் படம். மற்றது நிலத்தின் உயரம். இரண்டையும் சேர்த்தேன். ஆழமாகத் தண்ணீர் நின்ற இடம் சிவப்பு. கொஞ்சம் நின்ற இடம் மஞ்சள். நிற்காத இடம் பச்சை. ஆற்றடி கடும் சிவப்பு. பனிச்சைமேடு பச்சை. ஏ3 தாளில் அச்சடித்து எங்கள் பணிப்பாளரிடம் கொடுத்தேன்.

"இதுதான் வேணும். பாத்த உடன விளங்குது," என்றார் அவர்.

படம் கிராம அலுவலர்களான விதானைமாருக்குப் போனது. ஆட்களை ஏற்றிவரப் பெட்டி பூட்டிய உழவு இயந்திரங்களை அனுப்பும் ஒழுங்கும் அதன்படியே எழுதப்பட்டது. முதலில் ஆற்றடி. கடைசியில், தேவைப்பட்டால் மட்டும், பனிச்சைமேடு.

வெள்ளம் வந்தது. ஆற்றடியில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் நேரத்துக்கு வெளியே வந்துவிட்டார்கள். கூட்டத்தில் என் படத்தைப் பாராட்டினார்கள். நானும் சந்தோஷமாக இருந்தேன்.

2. றோசலின் அக்கா கேட்டது

மழை விட்டு வயல் காயத் தொடங்கிய பிறகு ஒரு நாள், ஒரு பெண் எங்கள் பிரிவுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் றோசலின். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பனிச்சைமேட்டில் வயல் செய்யும் அந்தோனி என்பவரைக் கட்டி வந்தவர். கையில் என்னுடைய படம் இருந்தது. விதானையாரின் கந்தோர் அறிவித்தல் பலகையில் இருந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"இதைக் கீறினது ஆர்?"

நான் எழுந்து கதிரையைக் கொடுத்தேன். அவர் இருக்கவில்லை.

"மிஸ், பச்சை எண்டா என்ன?"

"தண்ணி நிக்காத இடம் அக்கா."

"சரி. தண்ணி நிக்கேல்லத்தான். பின்னேரம் கணுக்கால் அளவுக்கு வந்திட்டு வடிஞ்சிட்டுது. ஆனா மத்தியானத்துக்கு முன்னமே மதகு மூடிட்டுது. நாங்கள் வெளிய வரேலாமல் அடைபட்டுப்போனம். அது இதில எங்க கிடக்கு?"

நான் படத்தைப் பார்த்தேன். மதகு இருந்தது. சின்னக் கறுப்புக் கோடு. வேறொன்றும் இல்லை.

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. வெள்ளம் ஏறினால் மனிதர்கள் மட்டும் மேட்டைத் தேடுவதில்லை, பாம்புகளும் தேடும். பகல் இரண்டு மணியளவில் அந்தோனி அண்ணை விதைநெல் மூட்டையைப் பரணில் ஏற்றப் போனபோது கண்ணாடிப் புடையன் கடித்தது. றோசலின் அக்கா அவசர இலக்கத்துக்கு எடுத்தார். யாரோ பதிந்துகொண்டார்கள். "பனிச்சைமேடு பட்டியலிலே கடைசி, ஆற்றடி முடிய வருவினம்" என்று பதில் வந்தது. உழவு இயந்திரம் அடுத்த நாள் விடியத்தான் வந்தது. உயிர் தப்பிவிட்டது. ஆனால் சிறுநீரகம் இரண்டும் பழுது. இப்போது கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறார்.

 சங்கடமான கேள்வி வந்தால் நாங்கள் துறைக் கதை கதைப்போம். நானும் அதையே செய்தேன்.

"அக்கா, இது இடத்தைக் காட்டுற படம். நேரம் காட்டாது."

"அப்ப நேரம் காட்டுற படம் ஆரிட்டக் கிடக்கு? சொல்லுங்கோ, அவையிட்டப் போறன்."

அப்படி ஒரு படம் யாரிடமும் இல்லை என்று சொன்னேன்.  அவர் படத்தை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பணிப்பாளர் வந்து, "மனசில போடாதையும். எங்களிட்ட இருந்த இமேஜ் அவ்வளவுதான்," என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தச் செய்மதி, வெள்ளம் உச்சத்தைத் தொட்டு இரண்டு நாள் கழித்து, ஒரு காலைப்பொழுதில், எங்களுக்கு மேலாகப் போயிருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தின் படம் அது. நான் அதற்கு "வெள்ளம்" என்று பெயர் போட்டு வைத்திருந்தேன். உச்சத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று நான் கேட்டதே இல்லை. என் கொம்பியூட்டர்க் கோவையில் வெள்ளம் ஒரு பொலிகன், எல்லை போட்டு நிறம் நிரப்பிய ஓர் உருவம். வந்து, ஏறி, மறித்து, வடிந்த ஒன்றாக அது அங்கே இருக்கவில்லை.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை. வெட்கம்தான்.

3. ரெயின் கூவிய நேரம்

அடுத்த கிழமை ஜி.பி.எஸ். கருவியையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு பனிச்சைமேட்டுக்குப் போனேன்.  றோசலின் அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தார். பிறகு ஒரு குடையை எடுத்துக்கொண்டு, "வாங்கோ, வீடு வீடாப் போவம்," என்றார்.

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டால் எல்லோரும் சுவரைத் தொட்டுக் காட்டினார்கள். எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டால் திகைத்தார்கள். வெள்ளத்தில் யார் மணிக்கூடு பார்ப்பார்? ஆனால் நேரம் வேறு விதத்தில் அவர்களிடம் இருந்தது. பால் எடுக்கிறவன் வந்துபோன பிறகு. கரண்ட் நின்ற கையோடு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பின நேரம். காற்று இந்தப் பக்கம் அடித்தால் யாழ்ப்பாணம் போகிற ரெயின் கூவுவது அங்கே கேட்கும். பலர் அதைச் சொன்னார்கள்.

"ரெயின் கூவேக்க தண்ணி உந்தக் கிணத்துக்கட்டில நிண்டது."

"கூவிக் கொஞ்சத்தால எங்கட வேலி."

நான் ஒவ்வொரு இடத்திலும் புள்ளி எடுத்து, ரெயின் நேர அட்டவணையைப் பார்த்து மணியைப் போட்டேன். கந்தோருக்கு வந்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால், தண்ணீர் கீழேயிருந்து மேலே ஓடியிருந்தது. வாய்க்காலின் அடியில் இருந்த வீடுகளுக்கு முதலிலும், தலைப்பில் இருந்த வீடுகளுக்குப் பிறகும் வந்ததாகப் படம் காட்டியது. இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். ஆட்கள் மாறிச் சொல்கிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஸ்ரேசனுக்குப் போய் விசாரித்தேன். பழைய பதிவைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர், "அண்டைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல லேற் மிஸ். மழைதானே," என்றார்.

ஆட்கள் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். ரெயினை வைத்து நேரம் சொன்னவர்கள் வாய்க்காலின் அடியில் இருந்தவர்கள்; அவர்களுடைய நேரம் மட்டும் முந்தி விழுந்திருந்தது. பிழை அட்டவணையில் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில், அது எப்படித் தெரியும் என்றும் எழுதத் தொடங்கினேன். மூன்றாவது கொலம் அப்படி வந்தது.

மதகின் நேரம் நிமிடக் கணக்கில் கிடைத்தது. மதகடியில் நிசாம் நானாவின் கடை இருக்கிறது; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து போட்ட கடை. வெள்ளத்தன்று வவுனியாவிலிருந்து அவருக்குச் சாமான் லொறி வரவேண்டியிருந்தது. வரவேண்டாம் என்று மொத்தக் கடைக்காரருக்குச் சொன்னால் அவர் நம்பவில்லையாம். அதனால் தண்ணீர் கடைப் படியில் ஏற ஏற ஃபோனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எல்லாப் படமும் ஃபோனில் இருந்தன.

"அழிக்க நினைச்சனான் மிஸ். இடம் காணாது எண்டு காட்டிக்கொண்டே இருக்குது. ஏதோ அழிக்கேல்ல."

முதல் படி, இரண்டாவது படி, மூன்றாவது படி. ஒவ்வொரு படத்துக்குள்ளும் மணியும் நிமிடமும் இருந்தன. இரண்டாவது படி நனையும்போது மதகின் விளிம்பில் தண்ணீர். மூன்றாவது படி மூடும்போது வீதியே தெரியவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்தபோது றோசலின் அக்கா சொன்னது அப்படியே வந்தது. மதகு மத்தியானத்துக்கு முன் மூழ்கியது. மேட்டின் முதல் வீட்டு முற்றம் நனைந்தது பின்னேரம். ஊர் நனைவதற்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் முன்பே ஊருக்குப் போகும் வழி அறுந்துவிட்டது. ஆற்றடியில் நேர்மாறு. வீடுகளுக்குள் விரைவாகத் தண்ணீர் ஏறுகிறது. ஆனால் அவர்களுடைய வீதி ஆற்றோரத்து உயரமான அணைக்கட்டில் போவதால் பின்னேரம் வரை திறந்தே இருக்கிறது. ஆழத்தை வைத்துப் பார்த்தால் ஆற்றடி முதல். நேரத்தை வைத்துப் பார்த்தால் பனிச்சைமேடு முதல்.

அதன் பிறகு வீதி லேயரை மாற்றினேன். முன்பு "திறந்தது" அல்லது "மூடியது" என்று ஒரு கொலம் இருந்தது. புதிய தகவல் வந்தால் பழையதை அழித்து எழுதுவோம். இப்போது அழிப்பதில்லை. எப்போதிலிருந்து, எப்போது வரை, எப்படித் தெரியும். நான்காவது, எங்களுக்கு எப்போது தெரிந்தது. அந்தோனி அண்ணையைப் பாம்பு கடித்தது பகல் இரண்டு மணிக்கு. பதிவுப் புத்தகத்தில் ஏறியது இரண்டே முக்காலுக்கு. உழவு இயந்திரக்காரருக்குப் போனது மறுநாள் காலை ஆறு மணிக்கு. நடந்த நேரமும் எங்களுக்குத் தெரிந்த நேரமும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால், நாங்கள் எங்கே பிந்தினோம் என்பது தெரியாமல் போய்விடும்.

மணிக்கூட்டு நேரத்தை அடுத்த வெள்ளத்துக்குப் பாவிக்க முடியாது. ஆகவே மேலே உள்ள பெரிய குளத்தில் மிஞ்சும் தண்ணீரை வெளியே விடும் வான்கதவு திறக்கும் நேரத்தைப் பூச்சியமாக வைத்தேன். கதவு திறந்து நாலு மணித்தியாலத்தில் மதகு மூழ்கும் என்று, அந்த நேரங்களை வைத்து நான் செய்த மொடல் சொன்னது.

4. எழுதித் தாரும்

இரண்டு மாரி கழித்து மறுபடியும் பெரிய மழை. காலை பத்து மணிக்குத் தகவல் வந்தது, வான்கதவு மத்தியானம் பன்னிரண்டுக்குத் திறக்கும் என்று. இரண்டு உழவு இயந்திரங்கள் ஆயத்தமாக நின்றன. பணிப்பாளர் என் புதிய படத்தை விரித்துப் பார்த்தார்.

"பன்னிரண்டும் நாலும், பின்னேரம் நாலு மணி. நேரம் தாராளமாக் கிடக்கு. முதல்ல ரெண்டையும் ஆத்தடிக்கு விடுவம். ரெண்டு மணிக்குப் பனிச்சைமேட்டுக்குத் திருப்புவம்."

கணக்குச் சரி. நானும் தலையாட்டினேன். ஆற்றடிக்குப் பத்தரைக்கு வாகனம் வரும் என்று விதானையார் மூலம் அறிவித்தோம்.

பத்து இருபதுக்கு என் ஃபோன் அடித்தது. நிசாம் நானா.

"மிஸ், ரெண்டாவது படி நனையுது."

"கதவு இன்னும் திறக்கேல்லையே நானா."

"கதவு எனக்குத் தெரியாது மிஸ். தண்ணிக்குள்ள நிண்டு கதைக்கிறன். ஃபோட்டோ அனுப்பிறன், பாருங்கோ."

படம் வந்தது. அவருடைய கால் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றது.  குளத்துத் தண்ணீர் வரவில்லை. முதல் நாள் தொடங்கிய மழை வயல் வடிச்சலில் சேர்ந்து மதகை நிரப்பிக்கொண்டிருந்தது. முந்திய வெள்ளத்தில் மதகை நிரப்பியது கதவுத் தண்ணீர். ஒரே ஒரு வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, எல்லா வெள்ளமும் கதவிலிருந்துதான் தொடங்கும் என்று நான் முடிவுகட்டி இருந்தேன்.

பணிப்பாளரின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"உம்மட மொடல் நாலு மணி எண்டுதானே சொல்லுது?"

"ஓம் சேர். மொடல் பிழை."

"பிழையெண்டு இப்ப சொல்லுறீர். ஆத்தடிக்குப் பத்தரை எண்டு அறிவிச்சாச்சு. அங்க தண்ணி ஏறினா ஆர் பதில் சொல்லுறது?"

"ஆத்தடி வீதி பின்னேரம் வரைக்கும் நிக்கும் சேர். இந்த வீதி இன்னும் கொஞ்ச நேரத்தில இல்லை. போனமுறை ரெண்டாவது படிக்கும் மூண்டாவது படிக்கும் இடையில ஒண்டரை மணித்தியாலம்தான்."

அவர் ஃபோனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். யன்னலால் வெளியே பார்த்தார். மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது.

"எழுதித் தாரும்," என்றார்.

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்கிறார் என்று நினைத்தேன். மேசையில் கிடந்த ஒரு தாளை எடுத்து நின்றபடியே எழுதினேன். மொடலில் பிழை இருக்கிறது. களத்திலிருந்து வந்த தகவலின்படி உழவு இயந்திரங்கள் இரண்டையும் உடனே பனிச்சைமேட்டுக்கு அனுப்பும்படி கேட்கிறேன். கையெழுத்து. நேரம் பத்து முப்பத்தொன்று. அவர் அதை வாங்கி என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். பிறகு தானே ஃபோனை எடுத்து வாகனங்களைத் திருப்பச் சொன்னார். அவரைப் பற்றி நான் நினைத்ததற்கு இன்றும் எனக்குக் கூச்சம் உண்டு.

இரண்டு வாகனங்களும் இரண்டு தரம் போய் வந்தன. கடைசித் தரம் வரும்போது சில்லின் நடுவுக்குத் தண்ணீர். சாரதி முதலில் மாட்டேன் என்றாராம். நிசாம் நானா ஒரு நீளத் தடியை ஊன்றிக்கொண்டு மதகின் விளிம்பில் நின்று வழி காட்டியிருக்கிறார். அந்தோனி அண்ணைக்கு அடுத்த நாள் சுத்திகரிப்பு நாள். அவர் முதல் பெட்டியில் வந்துவிட்டார். றோசலின் அக்கா கடைசிப் பெட்டியில் வந்தார்.

"மிஸ், கடந்திட்டம்," என்று மட்டும் ஃபோனில் சொன்னார்.

பதினொன்று ஐம்பதுக்கு மூன்றாவது படி மூடிய படம் வந்தது. வான்கதவு அதன் பிறகுதான் திறந்தது.

5. ஆற்றடி

கதையை இங்கே நிறுத்தினால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் ஆற்றடிக்குப் பத்தரை என்று சொல்லிவிட்டு, வாகனம் போனது ஒன்றே காலுக்கு. வீதி திறந்துதான் இருந்தது. ஆட்கள் எல்லோரையும் எடுத்துவிட்டோம். அங்கே ஆடு வளர்க்கும் தம்பிராசா அண்ணையின் பதினொரு ஆடுகளை எடுக்க முடியவில்லை. வாகனம் வரும், ஏற்றலாம் என்று கொட்டிலுக்குள் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தவர். நேரத்தைப் பொய்யாகச் சொன்னது நாங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால், தண்ணீர் முழங்காலில் இருக்கும்போதே அவர் ஆடுகளை அணைக்கட்டுக்கு நடத்திக்கொண்டு போயிருப்பார்.

தண்ணீர் வடிந்த பிறகு அவரிடம் போனேன். கொட்டிலின் கப்புத் தடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பனிச்சைமேட்டுக்கு விட்டது சரி. சனம் பெரிசு. அதை நான் கேக்கேல்ல," என்றார். "வரப் பிந்தும் எண்டு ஒரு கோல் எடுத்திருக்கலாமே."

"ஓம் அண்ணை. எடுத்திருக்கவேணும். எடுக்கேல்ல."

எங்கள் கணக்கில் வாகனம் எங்கே நிற்கிறது என்பது இருந்தது. அதன் நேரம் மாறிவிட்டது என்பதும் இருந்தது. அந்த மாற்றம் யாரைப் போய்ச் சேரவேண்டும் என்பது இருக்கவில்லை. அந்தத் தாளை எழுதும்போது நான் மதகை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் போகாமல் நின்றேன். அரை மணித்தியாலம் போல அவர் தன் பாட்டில் வேலை செய்தார். பிறகு கப்பைக் கீழே போட்டுவிட்டு, கேட்காமலே சொல்லத் தொடங்கினார். கொட்டில் வாசலுக்குத் தண்ணீர் வந்தது எப்போது. குட்டிகளைப் பரணில் தூக்கி வைத்தது எப்போது. பரண் சரிந்தது எப்போது. கையில் மணிக்கூடு கட்டியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் மணி சொன்னார். நான் கொப்பியில் எழுதினேன். ஓர் இடத்தில் என் கை நின்றபோது, "எழுதுங்கோ. பன்னிரண்டு பத்து," என்றார்.

அந்த நேரங்களையும் போட்டுப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. வாகனம் போதாமல் போகவில்லை. மதகு மூழ்க முன் பனிச்சைமேட்டை முடித்துவிட்டு, ஆற்றடி வீடுகளுக்குள் தண்ணீர் ஏற முன் அங்கே போயிருக்கலாம். ஒன்றரை மணித்தியாலம் முன்பு, ஒன்பது மணிக்குத் தொடங்கியிருந்தால் இரண்டும் முடிந்திருக்கும், ஆடுகள் உட்பட. ஒன்பது மணிக்கு மதகடியில் தண்ணீர் எவ்வளவு என்று யாரையும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிசாம் நானா சொல்லியிருப்பார்.

இப்போது மழைக்காலத்தில் காலை ஆறு மணிக்கும், பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் மதகடியிலிருந்தும் ஆற்றடியிலிருந்தும் எங்களுக்குத் தகவல் வரும். ஆற்றடியிலிருந்து சொல்கிறவர் தம்பிராசா அண்ணை. முதலில் மறுத்தவர், பிறகு தானாக ஃபோன் எடுத்துச் சம்மதம் சொன்னார். வாகன நேரம் மாறினால் முதல் அழைப்பு அவருக்கு. அந்தோனி அண்ணை பனிச்சைமேட்டில்தான் இருக்கிறார், வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு. இந்த ஒழுங்கு வந்த பிறகு அளவான மழைகள் பெய்திருக்கின்றன. பெரிய வெள்ளம் இன்னும் வரவில்லை. ஆகவே இது சரியா என்று எனக்குத் தெரியாது.

நான் படித்தது ஒன்றுதான். ஓர் இடம் எங்கே இருக்கிறது என்பதைச் செய்மதியிடம் கேட்கலாம். அங்கே என்ன எப்போது நடந்தது என்பதை, அந்த நேரத்தில் அங்கே நின்றவரிடம் போய்த்தான் கேட்கவேண்டும். அவர் எங்களோடு கோபமாக இருந்தால், அவர் சொல்லும் வரை நிற்கவேண்டும்.